பெருவிரலுக்கு இடம் கொடுங்கள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. சிரசு பிரதானமாயிருக்கலாம், ஆனால் அச்சிரசையும் அதன் கீழுள்ள உடல் முழுவதையும் விடியற்காலை முதல் இரவு வரை சுமந்து திரிபவை இரண்டு பாதங்களே. முகத்தில் ஒரு சிறு பரு தோன்றினால் பத்து முறை கண்ணாடி பார்க்கிறோம். பல்லில் வலி கண்டால் அன்றே மருத்துவரை நாடுகிறோம். பாதத்தில் எலும்பு புடைத்து ஐந்தாண்டு, பத்தாண்டு என வலித்தாலும், "வயதாகிவிட்டது, இனி என்ன" என்று சேலைக் கரையால் அதை மறைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடும் அன்னையர் நம் இல்லங்களில் எத்தனை பேர்!

இப்பகுதியைப் படித்துவரும் தாய்மார் சிலர் இவ்வலியைக் குறித்து எழுதுமாறு பன்முறை கேட்டுள்ளனர். கால் பெருவிரலின் அடியில், உட்புறமாக, கொட்டைப்பாக்கு அளவில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும்; பெருவிரலோ நேராக நில்லாது அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்திருக்கும். மருத்துவர்கள் இதனை ஆங்கிலத்தில் 'பனியன்' என்பர். ஆடவர் சட்டைக்குள் அணியும் பனியனுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நம் மக்களோ 'எலும்பு வளர்ந்துவிட்டது' என்றும், 'ஆணி' என்றும், 'வாதம்' என்றும் தத்தமக்குத் தோன்றியவாறு கூறுவர். இம்மூன்று பெயரும் பொருந்தா. பொருந்தாத பெயர் பொருந்தாத வைத்தியத்துக்கு இட்டுச் செல்லும். ஆதலின் இதன் உண்மை இயல்பை முதற்கண் அறிந்துகொள்வோம்.

வளர்ச்சியன்று, விலகலே

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பாதத்தின் நடுப்பகுதியிலிருந்து பெருவிரலை நோக்கி வரும் நீண்ட எலும்பு ஒன்று உண்டு. அதுவும் பெருவிரல் எலும்பும் சந்திக்கும் மூட்டே நாம் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தரையை உந்தித் தள்ளுவது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை உடலின் பாரம் அம்மூட்டின்மீது ஏறி இறங்குகிறது. அதைச் சுற்றியுள்ள நார்கள் ஒருபுறம் தளர்ந்து மறுபுறம் இறுகும்போது, நீண்ட எலும்பு மற்றைப் பாதத்தை நோக்கி விலகுகிறது. பெருவிரல் எதிர்ப்புறமாக இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. முழங்கையை மடக்கினால் அதன் முனை வெளியே துருத்துவதுபோல, இங்கே மூட்டின் முனை வெளியே துருத்துகிறது. எனவே நாம் காணும் புடைப்பு புதிதாக முளைத்த எலும்பன்று. இடம் விலகிய பழைய எலும்பின் தலையே ஆகும்.

இவ்வாறு துருத்திய முனைமீது செருப்பின் வாரோ ஷூவின் தோலோ ஓயாது உராய்கிறது. மேல்தோல் தடிக்கிறது, தோலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள சிறு நீர்ப்பை வீங்கிச் சிவக்கிறது. காலப்போக்கில் பெருவிரல் தன் கடமையைச் செய்ய இயலாமற்போக, பாரம் அடுத்த விரல்களின் அடிக்கு மாறுகிறது. அங்கே தோல் காய்த்துப்போகிறது. இரண்டாம் விரல் இடமின்றி மேலெழுந்து வளைகிறது. மெட்டி அணிந்த விரல் நெருக்குண்டு, மெட்டி சதையில் பதிவதும் உண்டு.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் ஹியூட்டர் என்பார் 1870ஆம் ஆண்டையொட்டி இக்குறைக்குச் சூட்டிய இலத்தீன் பெயரின் வழியே, இன்றும் மருத்துவ நூல்கள் இதனை 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று அழைக்கின்றன. பெருவிரல் வெளிப்புறம் சாய்ந்த நிலை என்பதே அதன் பொருள். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்-ரே படத்தில் இவ்விரு எலும்புகளுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளப்பர். 15 பாகைக்கு மேற்பட்டால் அது இயல்புக்கு மாறானது; 40 பாகைக்கு மேற்பட்டால் மிகக் கடுமையானது.

இதிலிருந்து வாசகர் மனத்தில் இருத்த வேண்டிய உண்மைகள் இரண்டு. விலகிய எலும்பை எந்த எண்ணெயும், எந்தப் பற்றும், எந்தக் கட்டும் மீண்டும் பழைய இடத்தில் நிறுத்தா என்பது ஒன்று. வலியின் பெரும்பகுதி எலும்பின் விலகலால் அன்று, அதன்மேல் விழும் உராய்வாலும் அழுத்தத்தாலும் வருவது என்பது மற்றொன்று. முன்னதை அறிந்தால் வீண் செலவும் ஏமாற்றமும் குறையும். பின்னதை அறிந்தால் நம்பிக்கை பிறக்கும். ஏனெனில் உராய்வையும் அழுத்தத்தையும் நம்மால் நீக்க முடியும்.

கல்லறைகள் சொல்லும் பாடம்

இக்குறை யாருக்கு வருகிறது? பரம்பரை இதற்கு முதற்காரணம். பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையினர் ஒரே வடிவப் பாதத்தோடு விளங்குவதை நாம் காண்கிறோம். நார்கள் இயல்பிலேயே தளர்ந்தவர்களுக்கும், முடக்குவாதம் என்னும் மூட்டு நோய் உள்ளோர்க்கும் இது எளிதில் வரும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்று, 18 முதல் 65 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 23 பேருக்கும், 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேருக்கும் இது உண்டு என்று கணக்கிட்டது. ஆடவரைவிடப் பெண்டிரிடம் இருமடங்குக்கும் மேலாக இது காணப்படுகிறது.

பரம்பரை விதை எனில், அவ்விதைக்கு நீர் வார்ப்பது காலணி. இதற்குச் சான்றுகள் பல. 1958ஆம் ஆண்டு ஹாங்காங்கில் காலணி அணிந்து வாழ்ந்த சீனரையும் அணியாது வாழ்ந்த சீனரையும் மருத்துவர் இருவர் ஒப்பிட்டுப் பார்த்தனர். காலணி அணிந்தோரில் நூற்றுக்கு 33 பேரிடமும், வெறுங்காலினரில் நூற்றுக்கு இரண்டு பேரிடமும் இவ்விலகல் காணப்பட்டது. இனம் ஒன்றே, காலணியே வேறு.

இதனினும் சுவையான சான்று ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து வந்தது. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அப்பகுதியின் நான்கு கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்ட 177 பேரின் எலும்புகளை ஆய்வாளர் பரிசோதித்து, 2021ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரில் நூற்றுக்கு 6 பேரிடம் மட்டுமே காணப்பட்ட இக்குறை, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நூற்றுக்கு 27 ஆகப் பெருகியிருந்தது. காரணம் யாது? 14ஆம் நூற்றாண்டில் ஊசிபோல் முனை நீண்ட காலணிகள் அங்கே நாகரிகமாகப் பரவின. வயல்வெளி உழைப்பாளர் அடக்கம் செய்யப்பட்ட சிற்றூர்க் கல்லறையில் நூற்றுக்கு 3 பேரிடம் மட்டுமே இக்குறை இருந்தது. அகுஸ்தீனார் சபைத் துறவியர் மடத்தின் கல்லறையிலோ நூற்றுக்கு 43 பேரிடம் இருந்தது! அங்கே இடைக்கச்சையின் கொளுவியைக் கொண்டு துறவியர் என்று அடையாளம் காணப்பெற்ற பதினொருவரில் ஐவருக்குப் பெருவிரல் சாய்ந்திருந்தது.

குருக்கள் கூர்முனைக் காலணி அணியலாகாது என்று 1215ஆம் ஆண்டிலேயே நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்திருந்தது. எனினும் 1281ஆம் ஆண்டிலும் 1342ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் குருக்களின் உடை பற்றி மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. திருச்சங்கத்தின் தடையையும் மீறி நாகரிகம் துறவு மடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது எனில், கல்லூரிக்குச் செல்லும் நம் பெண்மக்களைக் கடிந்து பயன் என்ன? கடிதலைவிடக் காரணத்தை எடுத்துரைப்பதே நன்று. அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டிற்று. பெருவிரல் சாய்ந்தோரின் எலும்புகளில், தடுக்கி விழுந்ததால் உண்டான முறிவுகள் மற்றவரினும் மிகுதியாய் இருந்தன. இக்காலத்து முதியோரிடையே நடந்த ஆய்வுகளும் இதனையே உறுதி செய்கின்றன. நம் வீட்டுப் பெரியவர் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும்போது நாம் கண்ணைக் குறை கூறுகிறோம், தரையைக் குறை கூறுகிறோம். பாதத்தை யாரும் பார்ப்பதில்லை.

வேறு நோயா என்று அறிக

பெருவிரல் மூட்டில் வரும் வலி அனைத்தும் இக்குறையால் வருவதன்று. நேற்று வரை நலமாயிருந்த மூட்டு ஓர் இரவில் திடீரெனச் சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலும் பொறுக்க இயலாதவாறு வலிப்பின், அது யூரிக் அமிலத்தால் வரும் 'கௌட்' நோயாக இருக்கலாம். விரல் சாயாமல், ஆனால் மேல்நோக்கி மடங்காமல் விறைத்து நின்றால், அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். இரு கைகளின் மூட்டுகளும் காலையில் நெடுநேரம் இறுகிக்கொண்டால் முடக்குவாதத்தைச் சோதித்தறிய வேண்டும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், புடைப்பின் மேல் புண் உண்டாகிச் சீழ் வடிந்தாலும், விரல் கறுத்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆதலின் ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டி, இன்னது என்று உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

இல்லத்திலேயே செய்யத்தக்கவை

முதலாவது, காலணி. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிடுக. நம் காலணியை அக்கோட்டின்மேல் வைத்துப் பார்க்க. கோடு காலணிக்கு வெளியே தெரியுமாயின், அவ்வளவு சதையையும் எலும்பையும் நாள்தோறும் உள்ளே திணித்து வந்துள்ளோம் என்று பொருள். காசில்லாத இச்சோதனையை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் செய்து பார்க்கலாம்.

புதிய காலணியை மாலையில் வாங்குக. பகல் முழுவதும் நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். இரு பாதங்களும் ஒரே அளவினவல்ல, பெரியதற்கே அளவெடுக்க. ஷூவாயின், நின்றுகொண்டு அளவு பார்க்கும்போது நீண்ட விரலுக்கு முன்னே கைப்பெருவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும். முன்பகுதி அகன்று, விரல்கள் விரிந்து அசையக்கூடியதாய் அமைதல் வேண்டும். குதி உயர்ந்த காலணி உடலின் பாரம் முழுவதையும் முன்பாதத்தில் சரித்துவிடும் ஆதலின், குதி தாழ்ந்திருத்தல் நலம். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்று கடைக்காரர் கூறும் ஆறுதலை நம்ப வேண்டா. தோல் தளரும்முன் மூட்டு தளர்ந்துவிடும்.

நம் நாட்டில் பெரும்பாலோர் அணிவது செருப்பே. செருப்பு எல்லாம் நல்லது என்று எண்ணிவிடலாகாது. பெருவிரலை நுழைக்கும் வளையம் உடைய செருப்பு, சாய்ந்த விரலை இறுக்கி மூட்டை உறுத்தும். குறுக்கு வார் புடைப்பின்மேல் நேராக விழுந்தால் அதுவே அரமாக மாறும். நடுவில் தண்டு உள்ள ரப்பர் செருப்பு புடைப்பைத் தொடாமல் விட்டாலும், அது கழன்றுவிடாதிருக்க விரல்கள் ஓயாது பற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது; தேய்ந்த அடியோ தரையின் கடுமையைத் தடுப்பதில்லை. மெத்தென்ற தடித்த அடியும், புடைப்புக்கு முன்னும் பின்னுமாய் விலகிச் செல்லும் அகன்ற மென்மையான வார்களும், குதியைப் பிடிக்கும் பின்வாரும் உடைய செருப்பே ஏற்றது. தெருமுனையில் அமர்ந்து செருப்புத் தைப்பவரிடம் புடைப்பு உள்ள இடத்தைக் காட்டினால், வாரைச் சற்றே பின்னுக்கு நகர்த்தித் தைத்துத் தருவார். பெரிய மருந்தினும் பயன் தரும் சிறு உதவி அது.

இங்கு நம் மண்ணில் பிறந்த ஒரு நன்மையையும் குறிப்பிடுதல் தகும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் அவர்களும் அவர்தம் குழுவினரும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணினின்று காக்கும் பொருட்டு நுண்ணறை ரப்பராலான மெத்தென்ற செருப்புகளை உருவாக்கினர். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்று நம் மருந்துக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் கிடைப்பது அவ்வழி வந்ததே. நீரிழிவு நோயாளருக்குப் பரிந்துரைக்கப்படும் இச்செருப்பு, வார்கள் தக்கவாறு அமைந்தால், பெருவிரல் சாய்ந்தோர்க்கும் இதமளிக்கும்.

இரண்டாவது, உராய்வைத் தடுத்தல். மருந்துக் கடையில் கிடைக்கும் மென்மையான சிலிக்கான் உறையையோ கம்பளித் துணித் திண்டையோ புடைப்பின்மீது இடலாம். ஆயின் முன்னரே இறுக்கமான காலணிக்குள் திண்டையும் செருகினால் வலி கூடுமே அன்றிக் குறையாது. முதலில் இடம், பின்னரே திண்டு.

மூன்றாவது, வீக்கத்தைத் தணித்தல். நெடுநேரம் நின்ற நாளில், பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் புடைப்பின்மேல் ஒற்றலாம். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம். வெதுவெதுப்பான நீரில் பாதத்தை அமிழ்த்துவது சிலர்க்கு இதம் தரும். நீரிழிவு நோயாளர் மட்டும் இவ்விரண்டையும் மருத்துவரைக் கேளாது செய்யலாகாது; உணர்வு மங்கிய பாதம் சூட்டையும் குளிரையும் அறியாது. வலி தாங்க இயலாதபோது பாரசிட்டமால் மாத்திரை பெரும்பாலோர்க்குப் பொருந்தும். இபுபுரூஃபன் போன்றவற்றை வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இரத்தக் கொதிப்பு உடையோர் தாமாக வாங்கி உண்ணலாகாது.

நான்காவது, பயிற்சி. அமர்ந்துகொண்டு கால்விரல்களை விசிறிபோல் விரித்து, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்லத் தளர்த்துக. தரையில் விரித்த துண்டை விரல்களாலேயே சுருட்டி இழுக்க. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதி தரையில் படியக் கெண்டைக்கால் தசையை நீட்டுக. நாளும் பத்து நிமிடம் போதும். இவை எலும்பை நேராக்கா. பாதத்தின் தசைகளுக்கு வலுவூட்டி, விறைப்பைக் குறைக்கும். உடல் எடை மிகுந்தோர் அதைச் சிறிது குறைத்தாலும் முன்பாதம் நன்றியோடு ஏற்கும்.

ஐந்தாவது, உடலின் இருப்பு. முழந்தாளிடும்போது விரல்களைப் பின்னே மடித்து ஊன்றினால் பாரம் இம்மூட்டில் விழும். பாதத்தின் மேற்புறம் தரையில் படியுமாறு முழந்தாளிடுக. அதுவும் இயலாதவர் அமர்ந்தே செபிக்கலாம். குந்தி அமர்ந்து செய்யும் அரிவாள்மணை வேலையையும், துணி துவைப்பதையும் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து செய்யலாம். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்ல நேர்ந்துகொண்டோர், புதிய செருப்பை அணிந்து புறப்படாது, சில வாரங்களேனும் அணிந்து பழகிய அகன்ற காலணியில் செல்க. நீரிழிவு உடையோர் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடத்தல் ஆபத்தாகும்.

செய்யத் தகாதவை

புடைப்பின்மேல் தடித்த தோலை பிளேடால் சீவுவோர் உளர். ஆணிக்கு ஒட்டும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டுவோர் உளர். எருக்கம்பால், கள்ளிப்பால் தடவுவோரும் உளர். அடியில் இருப்பது எலும்பு. மேலே புண்ணானால், புண் எலும்பு வரை செல்ல அதிக தூரம் இல்லை. நீரிழிவு நோயாளரிடம் இத்தகைய சிறு புண்ணே காலை இழப்பதில் முடிவதுண்டு. சாய்ந்த விரலைப் பிடித்து இழுத்து 'சொடக்கு' எடுத்து நேராக்க முயல்வதும் தகாது.

இரவில் விரலை நிமிர்த்திக் கட்டும் கருவிகளும், விரலிடையில் செருகும் திண்டுகளும் விளம்பரங்களில் காணப்படுகின்றன. அணிந்திருக்கும்போது சிலர்க்கு இதம் தரலாம், அதில் தவறில்லை. ஆனால் சில வாரங்களில் எலும்பு நேராகிவிடும் என்னும் வாக்குறுதியை நம்பிப் பெரும்பொருளைச் செலவிட வேண்டா.

அறுவை மருத்துவம் எப்போது?

விலகிய எலும்பை நேராக்க வல்லது அறுவை மருத்துவம் ஒன்றே. ஆயினும் விரல் சாய்ந்திருப்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது. வலியே இல்லாத விரலை அழகுக்காக அறுத்துக்கொண்டு, பின்னர் வலியோடு வாழ்வோரும் உண்டு. அகன்ற காலணி அணிந்து, மேற்கூறியவற்றைச் சில மாதங்கள் முறையாகச் செய்தும் அன்றாட நடையே வலியால் தடைப்படுமாயின், அப்போது எலும்பியல் மருத்துவரை அணுகி ஆலோசிக்கலாம்.

பின்லாந்து நாட்டில் 209 நோயாளரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2001ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு அறுவை, ஒரு பிரிவினர்க்குக் காலணிக்குள் இடும் தனி அடிமெத்தை, எஞ்சியோர்க்குக் காத்திருப்பு. ஆறாம் மாதத்தில் அடிமெத்தை அணிந்தோர்க்கும் வலி குறைந்திருந்தது. ஓராண்டின் முடிவிலோ அறுவை செய்துகொண்டோரே மற்றவரினும் நலமாயிருந்தனர். தக்கவர்க்குத் தக்க காலத்தில் செய்தால் அறுவை பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வறுவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் உள்ளன. துருத்திய முனையைச் செதுக்குவதோடு நிறுத்தினால் விலகல் அப்படியே இருக்கும். ஆகவே பெரும்பாலும் எலும்பை வெட்டி, நேர்நிலைக்கு நகர்த்தி, சிறு திருகாணிகளால் பொருத்துவர். பெரும்பாலோர் முதல் ஆறு வாரம் தனிக் காலணி அணிந்து, முன்பாதத்தில் பாரம் விழாமல் நடக்க வேண்டியிருக்கும். வீக்கம் முற்றும் வடிய ஆறு மாதமும் ஆகலாம். அவ்வாறு வாரம் அடுப்படியை யார் பார்ப்பது, மாடிப்படி ஏறாமல் எங்கே உறங்குவது என்பவற்றை முன்னரே குடும்பத்தார் கூடி முடிவு செய்தல் வேண்டும். புகைப்போர் அதனை விட்டொழித்தால் எலும்பு விரைந்து கூடும். நீரிழிவு கட்டுக்குள் இருத்தல் வேண்டும். சிலர்க்குச் சாய்வு மீண்டும் வரக்கூடும். சிலர்க்கு விரல் விறைத்துப்போகலாம். அறுவைக்குப் பின்னரும் கூர்முனைக் காலணிக்குத் திரும்புதல் கூடாது. இவை அனைத்தையும் மருத்துவரிடம் வினவித் தெளிந்த பின்னரே ஒப்புதல் அளிக்க வேண்டும். வளரும் பிள்ளைகட்கு இக்குறை காணப்படின், எலும்பு வளர்ச்சி முடியும் வரை அறுவையைத் தள்ளிவைப்பதே பெரும்பான்மை வழக்கம்.

குடும்பத்தின் கடமை

பாத வலி தனியொருவரின் வலியன்று. வலிக்கும் பாதம் நடையைக் குறைக்கும். நடை குறைந்தால் உடல் பருக்கும், சர்க்கரை ஏறும், மனம் சோரும். ஞாயிறுதோறும் கோவிலுக்கு நடந்து வந்த மூதாட்டி வராமல் நின்றுவிட்டால், பக்தி குறைந்தது என்று எண்ணுமுன் பாதத்தைப் பாருங்கள். அண்டை வீட்டுக்குக்கூடச் செல்லாது முடங்கிய பெரியவரை, முதுமை என்று விட்டுவிடுமுன் செருப்பைப் பாருங்கள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பள்ளிப் பிள்ளைகளின் ஷூவை ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில் மட்டும் பார்த்தல் போதாது. வளரும் பாதம் ஆண்டின் நடுவிலேயே ஷூவை நிரப்பிவிடும். மூத்த பிள்ளையின் காலுக்குத் தக்கவாறு வளைந்துவிட்ட ஷூவை இளைய பிள்ளைக்கு மாட்டிவிடுவதும் சிக்கனமாகாது. தாய்க்கோ பாட்டிக்கோ இக்குறை இருப்பின், பெண்பிள்ளையின் காலணியில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பணியமர்த்துவோர்க்கும் ஒரு சொல். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து மணி நேரம் நின்றே பணிபுரியும் பெண்கள் நம் பங்குகளில் பலர் உளர். கேரளம் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும் தத்தம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்க்கு இருக்கை வசதி தரப்பட வேண்டும் என்று விதித்துள்ளன. இருக்கை போட்டிருந்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அதில் அமரும் துணிவும் அவர்களுக்கு இருத்தல் வேண்டும். அத்துணிவை அளிப்பது முதலாளியின் முகக்குறிப்பே.

இன்றிரவு வேலை முடிந்து வீட்டார் அனைவரும் அமர்ந்திருக்கும் வேளையில், ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுங்கள். அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். "எனக்கெதற்கு?" என்று அவர் கூறுவார்; விடாதீர்கள். அவருடைய பாதத்தைச் சுற்றிக் கோடிட்டு, அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளை மாலை அவரையும் அழைத்துக்கொண்டு செருப்புக் கடைக்குச் செல்லுங்கள்.